கோத்தாவின் கோமகன்: முதலாம் எர்ன்ஸ்டும் அவர் குடும்பமும் தாய்மொழிக் கல்வியும்

ஒரு மொழியின் வளர்ச்சியை ஆராய்வோர் புலவர்களையும் இலக்கண ஆசிரியர்களையும் முதலில் தேடிச் செல்வது இயல்பு. அவர்களுக்குச் சோறிட்டவர், பள்ளி எழுப்பியவர், நூலை அச்சேற்றப் பொருள் கொடுத்தவர் ஆகியோரின் வரலாறு பின்னுக்குப் போய்விடுகிறது. பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு சிறு நிலப்பகுதியை ஆண்ட கோமகன் முதலாம் எர்ன்ஸ்ட் (1601–1675) அத்தகையோருள் ஒருவர். மக்கள் அவரைப் 'பக்திமான்' என்னும் அடைமொழியுடன் அழைத்தனர். அவருடைய வாழ்க்கையைக் குடும்ப வரலாறாகவும் சொல்லலாம். கல்வி வரலாறாகவும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க இயலாது என்பதே இவ்வுரையின் கருத்து. அவ்வரலாற்றின் ஒரு கிளை தமிழகக் கடற்கரைவரை நீண்டது என்பதும் நாம் அறியத்தக்கது.

குலமும் பிறப்பும்

எர்ன்ஸ்ட் பிறந்த குலம் வீழ்ச்சியைக் கண்ட குலம். மார்ட்டின் லூதருக்குப் புகலிடம் தந்த சாக்சனி அரசர் மரபு அது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அம்மரபினரிடம் இருந்தது. எர்ன்ஸ்டின் பாட்டனாருடைய தந்தை யோகான் பிரெடரிக், 1547-ஆம் ஆண்டு மூல்பெர்க் போரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் தோற்றார். தேர்வுரிமையும் நாட்டின் பெரும்பகுதியும் உறவினரான மற்றொரு கிளைக்குப் போயின. எஞ்சிய தூரிங்கியா நிலப்பகுதியையும் அடுத்தடுத்த தலைமுறையினர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டே வந்தனர். மூத்த மகனுக்கே நாடு என்னும் முறை அக்குடும்பத்தில் வேரூன்றவில்லை. உடன்பிறந்தார் அனைவருக்கும் உரிமை உண்டு என்பதே அவர்கள் வழக்கம். இவ்வழக்கம் எர்ன்ஸ்டின் வாழ்வில் நன்மையாகவும் தீமையாகவும் வந்து நின்றது.

1601-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஆல்டன்பர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தை கோமகன் இரண்டாம் யோகான். தாய் அன்ஹால்ட் அரசகுடும்பத்து டோரோத்தியா மரியா. அவர்களுக்குப் பிறந்த பதினொரு புதல்வருள் எர்ன்ஸ்ட் ஒன்பதாமவர். குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்தவர் எட்டுப் பேர். 1605-இல் தந்தை மறைந்தபோது எர்ன்ஸ்டுக்கு நான்கு வயது நிறையவில்லை. கடைசித் தம்பி பெர்ன்ஹார்டு ஓராண்டு நிரம்பிய கைக்குழந்தை. வைமார் அரண்மனையில் இத்தனை ஆண் மக்களையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அந்தத் தாயின் தோளில் விழுந்தது.

கற்க விரும்பிய தாய்

டோரோத்தியா மரியா கல்வியில் பேரார்வம் கொண்டவர். அக்காலத்தில் வொல்ஃப்காங் ராட்கே என்னும் ஆசிரியர் ஒரு புதிய கருத்தைப் பரப்பிவந்தார். 1612-இல் பிராங்பர்ட்டில் கூடிய ஜெர்மானிய ஆட்சியாளர்களிடம் அவர் ஒரு விண்ணப்பம் அளித்தார். குழந்தை எதையும் முதலில் தன் தாய்மொழியிலேயே கற்க வேண்டும். அதில் தேர்ந்த பிறகே இலத்தீன் முதலிய பிறமொழிகளுக்குச் செல்ல வேண்டும். அடித்தும் மனப்பாடம் செய்வித்தும் கற்பிப்பது பயன் தராது என்பன அவர் கொள்கைகள். ஐரோப்பாவில் படிப்பு என்றாலே இலத்தீன் என்றிருந்த காலம் அது. பலரும் அவரை ஐயத்துடன் நோக்கினர். டோரோத்தியா மரியாவோ அவரை ஆதரித்ததோடு நில்லாமல் தாமே அவரிடம் பாடமும் கேட்டார். அவருடைய தங்கையான ருடோல்ஸ்டாட் அரசி அன்னா சோபியாவும் ராட்கேயின் புரவலர்.

1617-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டோரோத்தியா மரியா குதிரையிலிருந்து ஆற்றில் விழுந்து, அதன் விளைவாக உயிர்நீத்தார். எர்ன்ஸ்டுக்கு அப்போது வயது பதினைந்து. ஆகஸ்டில் நடைபெற்ற இறுதிச்சடங்குக்கு உறவினர் அனைவரும் வைமாரில் கூடினர். அக்கூட்டத்தில் அம்மையாரின் உடன்பிறந்தாரான லுட்விக், ஜெர்மானிய மொழியைப் பேணுவதற்கென ஒரு கழகத்தை நிறுவினார். 'கனிதரும் கழகம்' என்று அதன் பெயரை மொழிபெயர்க்கலாம். தாய்மொழியைத் தூய்மையாகவும் சீராகவும் எழுதுவதும், பிறமொழி நூல்களை மொழிபெயர்ப்பதும், சொல்லையும் இலக்கணத்தையும் ஆராய்வதும் அதன் பணிகள். 1680 வரை ஏறத்தாழ 890 பேர் அதில் உறுப்பினராயினர். ஜெர்மானிய மொழிக்கென எழுந்த முதல் பெருங்கழகம் ஒரு தாயின் இழவு வீட்டில் பிறந்தது என்பதை மொழிக் கழகங்களின் பொறுப்பில் இருப்போர் நினைவில் கொள்ளலாம்.

அக்கழகத்தின் சின்னம் தென்னை மரம். பனிபெய்யும் தூரிங்கியாவில் தென்னையை நேரில் கண்டவர் எவருமிலர். வேர் முதல் குருத்துவரை ஒவ்வோர் உறுப்பும் மனிதர்க்குப் பயன்படும் மரம் என்று பயணநூல்கள் வழியாக அறிந்து, மொழியும் அவ்வாறு எல்லா வகையிலும் பயன்தர வேண்டும் என்னும் பொருளில் அதனைத் தேர்ந்தனர். நம் கொல்லைப்புறத்துத் தென்னை ஜெர்மானிய மொழியின் கொடியில் ஏறிய வரலாறு இது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கழகம் ஒரு புனைபெயர் வழங்கியது. எர்ன்ஸ்டுக்குக் கிடைத்த பெயர் 'கசப்பினியர்' என்று பொருள்படுவது. இளைஞர் ஒருவருக்கு வேடிக்கையாக இட்ட பெயர் பிற்கால வாழ்க்கைக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

போர்க்களத்து உடன்பிறப்புகள்

1618-இல் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. வைமார் உடன்பிறந்தார் சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் நின்று வாளேந்தினர். பிரெடரிக் 1622-இல் ஃப்லெரஸ் களத்தில் மாண்டார். மூத்தவர் யோகான் எர்ன்ஸ்ட் 1626-இல் அங்கேரியில் போர்முகாமில் இறந்தார். மற்றொருவரான யோகான் பிரெடரிக்கின் முடிவு இன்னும் துயரமானது. மனநிலை பிறழ்ந்தவர் என்றும் தீய சக்திகளுடன் தொடர்புடையவர் என்றும் கருதப்பட்டு, உடன்பிறந்தாரின் காவலிலேயே அடைக்கப்பட்டு 1628-இல் உயிர்நீத்தார். கடைசித் தம்பி பெர்ன்ஹார்டு அந்நூற்றாண்டின் புகழ்பெற்ற படைத்தலைவருள் ஒருவராக உயர்ந்தார். அவரும் 1639-இல் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

எர்ன்ஸ்டும் போர்வீரராகவே தொடங்கினார். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் படையில் சேர்ந்து, அம்மன்னர் வீழ்ந்த 1632-ஆம் ஆண்டு லுட்சன் போரிலும் பங்குகொண்டார். அடுத்த ஆண்டில் பெர்ன்ஹார்டுக்குப் பிராங்கோனியா நிலப்பகுதி கிடைத்தபோது அதனை நிருவகிக்கும் பணி எர்ன்ஸ்டிடம் வந்தது. தம்பி வென்ற நிலத்தை அண்ணன் ஆண்டார். பாழடைந்த ஊர்களில் வரி, நீதி, பள்ளி, கோவில் ஆகியவற்றைச் சீர்செய்யும் கலையை அவர் பயின்ற இடம் அதுவே. 1634-இல் நோர்ட்லிங்கன் தோல்வியால் பிராங்கோனியா கைவிட்டுப் போயிற்று. எர்ன்ஸ்ட் 1635-இல் பிராகா உடன்படிக்கையை ஏற்றுப் போரிலிருந்து விலகினார். பெர்ன்ஹார்டு பிரான்சின் துணையோடு போரைத் தொடர்ந்தார். ஒரே மடியில் வளர்ந்த இருவர் இருவேறு வழிகளைத் தேர்ந்தனர்.

1636-இல் எர்ன்ஸ்ட் தம் உறவினரான ஆல்டன்பர்க் கோமகனின் ஒரே மகள் எலிசபெத் சோபியாவை மணந்தார். 1640-இல் எஞ்சிய மூன்று சகோதரர் நாட்டைப் பங்கிட்டனர். வைமார் வில்ஹெல்முக்கும், ஐசெனாக் ஆல்பிரெக்டுக்கும், கோத்தா எர்ன்ஸ்டுக்கும் கிடைத்தன.

போரின் நடுவே ஒரு பள்ளிச் சட்டம்

கோத்தாவில் எர்ன்ஸ்ட் பெற்றது போரால் சிதைந்த நாடு. கோட்டை 1567-இலேயே இடிக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் 1643 முதல் 1654 வரை அவர் எழுப்பிய அரண்மனைக்கு 'அமைதிப் பாறை' என்று பொருள்படும் பிரீடென்ஸ்டைன் என்னும் பெயரை இட்டார். வெஸ்ட்பாலியா உடன்படிக்கை 1648-இல்தான் கையெழுத்தாயிற்று. போர் ஓயுமுன்பே அமைதியின் பெயரால் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது.

அரண்மனைக்கு அடிக்கல் நாட்டுமுன்பே அவர் தொடங்கிய பணி பள்ளி. 1641 முதல் 1645 வரை நாடு முழுவதும் திருச்சபைகளையும் பள்ளிகளையும் அலுவலர்கள் நேரில் ஆய்ந்தனர். கோத்தா உயர்பள்ளியின் தலைவராக ஆந்திரேயாஸ் ரைஹர் அமர்த்தப்பட்டார். 1642-இல் வெளிவந்த 'பள்ளி முறைமை' என்னும் விதிநூல் அவரால் ஆக்கப்பட்டது. ஊரிலும் நகரிலும் ஐந்து வயது நிறைந்த ஆண் பெண் குழந்தைகள் அனைவரும் கோடையிலும் குளிரிலும் பள்ளிக்கு வர வேண்டும். அனுப்பத் தவறும் பெற்றோர் தண்டம் செலுத்த வேண்டும் என்று அந்நூல் விதித்தது. எழுத்தறிவு, எண்கணிதம், இசை, சமயம் ஆகியவை பாடங்கள். வகுப்புகள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. எந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்றும் ஆசிரியருக்கு விரிவாக எடுத்துரைத்தது. பின்னர் இயற்கைப் பொருள்கள், அளவைகள், நாட்டு நடைமுறைகள் ஆகியவற்றைப் பற்றியும் குழந்தைகளுக்கென ரைஹர் எளிய பாடநூல் எழுதினார். இவை யாவும் ஜெர்மானிய மொழியில் நிகழ்ந்தன.

கட்டாயக் கல்விக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. வைமாரில் 1619-ஆம் ஆண்டுப் பள்ளி விதி இதற்கு வழிகாட்டியது. அதனை வகுத்த யோகான்னஸ் குரோமையர், ராட்கேயின் முறையைத் தழுவி 1618-இலேயே ஜெர்மானிய இலக்கணம் ஒன்றை ஜெர்மானிய மொழியில் எழுதியவர். தாயின் அவையில் விதைத்தது மகனின் நாட்டில் விளைந்தது என்று துணிந்து சொல்லலாம். எர்ன்ஸ்டின் குடியானவர்கள் பிற நாட்டுப் பிரபுக்களைவிடக் கற்றவர்கள் என்று ஒரு பேச்சும் வழங்கிற்று. மிகையாயினும், புகழ்ச்சிக்குக் காரணம் இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அக்கல்வி சமயத்தின் கையிலும் அரசின் கையிலும் இருந்த கருவி. வளர்ந்தவர்களும் ஞான உபதேசத்தில் சோதிக்கப்பட்டனர். குடிமக்களின் இல்லற ஒழுக்கத்தையும் அலுவலர் விசாரித்தனர். இதனைச் சுமையாக உணர்ந்தோர் இருந்தனர். கோமகனை எள்ளி நகையாடி, எந்நேரமும் வழிபாட்டில் இருப்பவர் என்று பட்டம் சூட்டியோரும் உண்டு. எழுத்தறிவு கொடுத்த கையே கண்காணிக்கும் கையாகவும் இருந்தது. ஆயினும், கற்ற எழுத்து கற்றவனுடையது. ஞான உபதேசம் படிக்கப் பழகியவன் நாளை நிலப்பத்திரத்தையும் படிப்பான். அதனை எந்த அரசும் தடுக்க இயலாது.

எர்ன்ஸ்டின் அரவணைப்பில் வளர்ந்த பைட் லுட்விக் ஃபோன் செக்கன்டோர்ஃப், 1656-இல் ஜெர்மானிய ஆட்சிமுறை பற்றிய நூலைத் தாய்மொழியிலேயே எழுதினார். ஆட்சியியல் பேச இலத்தீன் வேண்டும் என்னும் எண்ணத்தை அந்நூல் தளர்த்தியது. தொடக்கப்பள்ளியில் நுழைந்த மொழி இவ்வாறு அரசு அலுவலகத்துக்குள்ளும் ஏறிச் சென்றது.

அபிசீனியத் துறவியும் ஜெர்மானிய அறிஞரும்

தாய்மொழியைப் பேணிய அரண்மனை பிறமொழிக்குக் கதவடைக்கவில்லை. எர்ஃபர்ட் நகரத்தவரான ஹியோப் லூடோல்ஃப் என்னும் பன்மொழி அறிஞர் 1652-இல் எர்ன்ஸ்டின் பணியில் சேர்ந்து இளவரசர்களுக்கு ஆசிரியரானார். அவர் முன்பே ரோம் நகரில் அபிசீனியத் துறவியான அப்பா கோர்கோரியோசைச் சந்தித்திருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கீஈஸ் மொழி மட்டுமே. அது அபிசீனியத் திருச்சபையின் எழுத்துமொழி. வீட்டிலோ தெருவிலோ எவரும் பேசாத மொழி. லூடோல்ஃப் அதனை ஏட்டிலிருந்து கற்றவர். துறவி வழிபாட்டிலிருந்து கற்றவர். எழுத்துமொழியைப் பேச்சுமொழியாக்கி இருவரும் தட்டுத்தடுமாறி உரையாடினர்.

1652-இல் எர்ன்ஸ்டின் அழைப்பின்பேரில் கோர்கோரியோஸ் கோத்தா வந்தார். அபிசீனியாவின் நிலம், திருச்சபை, வழக்காறுகள் பற்றிக் கோமகன் கேட்க, லூடோல்ஃப் மொழிபெயர்த்தார். துறவியின் தாய்மொழியான அம்ஹாரிக் வேறு, எழுத்துமொழியான கீஈஸ் வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்தறிந்து, இரண்டுக்கும் தனித்தனி இலக்கணமும் அகராதியும் லூடோல்ஃப் உருவாக்கினார். கீஈஸ் இலக்கணம் 1661-இலும், அம்ஹாரிக் இலக்கணமும் அகராதியும் 1698-இலும் வெளிவந்தன. பேச்சு வழக்கும் செவ்விய வழக்கும் வேறுபடும் தமிழைப் பேசும் நமக்கு அப்பணியின் அருமை எளிதில் விளங்கும். ஒரு மொழியின் இலக்கணத்தை அம்மொழி பேசுபவரிடமே கேட்டு எழுத வேண்டும் என்னும் நெறி இங்கு நடைமுறையில் நின்றது. கோர்கோரியோஸ் தாயகம் திரும்பும் வழியில் 1658-இல் கப்பல் விபத்தில் இறந்தார். எர்ன்ஸ்ட் 1663-இல் வான்ஸ்லேபன் என்பவரை அபிசீனியாவுக்கு அனுப்பினார். அவர் எகிப்தைத் தாண்டவில்லை. தூதுமுயற்சி தோற்றது, இலக்கணம் நின்றது.

பதினெட்டுப் பிள்ளைகள், ஏழு நாடுகள்

எர்ன்ஸ்டுக்கும் எலிசபெத் சோபியாவுக்கும் பதினெட்டுக் குழந்தைகள் பிறந்தனர். 1657-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மட்டும் யோகன்னா, சோபியா, பட்டத்துக்குரிய யோகான் எர்ன்ஸ்ட் ஆகிய மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். மூத்தவருக்கு வயது பதினாறு. தந்தையின் மறைவுக்குப் பின் வாழ்ந்தவர் ஏழு புதல்வரும் இரு புதல்வியரும் மட்டுமே. மூத்த மகள் எலிசபெத் டோரோத்தியா, கணவரையும் அவர் வாரிசையும் இழந்தபின் 1678 முதல் 1688 வரை ஹெஸ்ஸ-டார்ம்ஸ்டாட் நாட்டைத் தாமே ஆண்டார். பெண் குழந்தைக்கும் பள்ளி என்று விதித்தவரின் மகள் அவர்.

1672-இல் ஆல்டன்பர்க் கிளை வாரிசின்றி முடிந்ததால், மனைவியின் உரிமைவழி அந்நாட்டின் பெரும்பகுதியும் எர்ன்ஸ்டுக்கு வந்தது. சிதறிய குலச்சொத்து நெடுநாளுக்குப் பின் ஓரிடத்தில் திரண்டது. அதனை மூத்தவர் பிரெடரிக்குக்கு மட்டும் கொடுத்திருந்தால் தூரிங்கியாவில் ஒரு வலிய நாடு நிலைத்திருக்கும். தந்தையோ குலவழக்கைவிட மனமின்றி, ஏழு மகன்களும் ஒன்றாக ஆள வேண்டும் என்று விரும்பினார். 1675-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் கண்மூடினார். ஐந்தாண்டுகளில் கூட்டாட்சி முறிந்தது. 1680-இல் கோத்தா, கோபர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பர்க், ஹில்ட்பர்க்ஹௌசன், சால்ஃபெல்ட் என நாடு ஏழாயிற்று. எந்தப் பிள்ளையையும் வெறுங்கையோடு விட மனம் வராத தந்தையின் அன்பு நாட்டை நொறுக்கியது. அவற்றுள் கோபர்க், ஐசன்பர்க், ரோம்ஹில்ட் ஆகிய மூன்றும் ஆண் வாரிசின்றி அவரவர் காலத்தோடே முடிந்து, அவற்றுக்காகவும் வழக்குகள் எழுந்தன.

ஆனால், கடைசி மகனின் சால்ஃபெல்ட் கிளையிலிருந்தே பிற்காலக் கோபர்க் மரபு தோன்றிற்று. விக்டோரியா அரசியாரின் தாயும் கணவர் ஆல்பர்ட்டும் அம்மரபினர். மூத்த மகன் பிரெடரிக்கின் பேத்தி ஆகஸ்டா, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தாய். நீரிணைக் குடியேற்றங்களில் நம் பாட்டனார்கள் கூலியாகப் பெற்ற நாணயங்களில் பதிந்திருந்த முகம் கோத்தா கோமகனின் வழித்தோன்றலுடையது.

ஹாலே வழியாகத் தரங்கம்பாடி

குருதிவழி வாரிசுகளைவிடப் பள்ளிவழி வாரிசுகள் தமிழுக்கு நெருக்கமானவர்கள். 1666-இல் எர்ன்ஸ்ட் தம் அரசவைக்கு அழைத்துக்கொண்ட வழக்கறிஞர் ஒருவர் மூன்று வயது மகனுடன் கோத்தா வந்தார். அம்மகன் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. ரைஹர் சீரமைத்த கோத்தா உயர்பள்ளியில் பயின்ற அவர், பின்னாளில் ஹாலே நகரில் ஏழைப்பள்ளியையும் அனாதை இல்லத்தையும் நிறுவினார். கோத்தாவின் கல்விமுறை அவர் பள்ளிகளில் தொடர்ந்தது. லூடோல்ஃபின் உடன்பிறந்தார் மகனும், 1696-இல் ஆக்ஸ்போர்டில் ருசிய இலக்கணம் வெளியிட்டவருமான ஹைன்ரிக் வில்ஹெல்ம் லூடோல்ஃப் பிராங்கேயின் நண்பர்.

அந்த ஹாலேயில் பயின்றவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னரின் ஆணையால் 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் அச்சு அவரோடு தொடங்கியதன்று. 1578-இலேயே கொல்லத்தில் தமிழ்நூல் அச்சாகியிருந்தது. எனினும் நின்றுபோயிருந்த அப்பணி மீண்டும் உயிர்பெற்றது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டு, 1714–1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று. பேசுவோரிடம் கேட்டு இலக்கணம் எழுதுவது, பிள்ளைகளுக்கு அவர்தம் மொழியில் கற்பிப்பது ஆகிய இரண்டும் தரங்கம்பாடியில் ஒருங்கே நிகழ்ந்தன. எர்ன்ஸ்ட் தமிழ் என்னும் பெயரைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் வெட்டிய கால்வாயின் நீர் இங்கும் பாய்ந்தது.

நிறைவாக

ஏழு கோமகன்களின் நாடுகளுள் ஒன்றுகூட இன்று இல்லை. 1918-இல் கடைசிக் கோமகனும் பதவி துறந்தார். பிரீடென்ஸ்டைன் அரண்மனையும் அதன் நூலகமும் கோத்தாவில் நிற்கின்றன. ஊர்தோறும் பள்ளி, ஒவ்வொரு பிள்ளைக்கும் படிப்பு என்னும் கொள்கை உலகப் பொதுவுடைமையாயிற்று.

பிள்ளைகளுக்கு நிலத்தைப் பங்கிட்டபோது எர்ன்ஸ்டின் நாடு சுருங்கியது. எழுத்தைப் பங்கிட்டபோது பெருகியது. தாய்மொழிக் கல்வியைக் காக்க வேண்டும் என்று நாம் பேசும்போது, அவர் செய்தவற்றை எண்ணிப் பார்ப்பது தகும். அவர் மொழியைப் புகழ்ந்து பாடல் இயற்றவில்லை. நல்ல ஆசிரியரைத் தேடி அமர்த்தினார். பிள்ளைக்கு ஏற்ற பாடநூலை எழுதச் செய்தார். பெற்றோரைப் பொறுப்பேற்கச் செய்தார். பணி நடக்கிறதா என்று ஆளனுப்பிப் பார்த்தார். கோமகனின் செங்கோல் நம்மிடம் இல்லை. எவர்மீதும் தண்டம் விதிக்கும் உரிமையும் இல்லை. ஆதலால், அவர் ஆணையால் செய்ததை நாம் விருப்பத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குப் பள்ளி வாசல் வரை பிள்ளையின் கைபிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் வேண்டும். வைமார் அரண்மனையிலும் தொடக்கம் அவ்வாறே இருந்தது. கற்க விரும்பிய ஒரு தாயிடமிருந்தே அது பிறந்தது.